வீட்டு விளையாட்டில் ‘ஆன்ட்டி’ ஆன என் பேத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்திக்கு நான்கரை வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே அவளுடைய பாலர் பள்ளி, சாயங்காலம் நான்தான் போய்க் கூட்டி வருவேன். போன மாதம் ஒருநாள் லிஃப்டுக்காக நின்றபோது, இன்றைக்கு என்ன விளையாடினீர்கள் என்று சும்மா கேட்டேன். “வீட்டு விளையாட்டு பாட்டி. என் ஃபிரெண்டு மம்மி, நான் ஆன்ட்டி” என்றாள். ஆன்ட்டி என்றால் சித்தியா, அத்தையா என்றேன். “இல்ல பாட்டி, வீட்டுல வேலை செய்யுற ஆன்ட்டி. பாப்பா வெள்ளையா இருக்குல்ல, நான் எப்படி அதுக்கு மம்மி ஆக முடியும்?” என்றாள். அழவில்லை, முகம் கூட வாடவில்லை, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதுபோலச் சொல்லிவிட்டு லிஃப்ட் பொத்தானை அமுக்க ஓடிவிட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வீட்டு வேலையை நான் குறைவாக நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், என் அம்மா நாலு வீட்டில் வேலை பார்த்துத்தான் எங்களை ஆளாக்கினார். கூட விளையாடிய பிள்ளையும் எதுவும் சொல்லவில்லையாம், என் பேத்தி தானாகப் போட்ட கணக்குதான் இது. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

மறுநாள் கொஞ்சம் சீக்கிரமே போய் அந்த விளையாட்டு மூலையை எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் அடுப்பு, குட்டித் தொட்டில், தொட்டிலுக்குள் வரிசையாகப் படுக்க வைத்திருந்த நாலு பாப்பா பொம்மைகள், ஒரு கரடி. நாலு பாப்பாவும் ரோஸ் நிறம், நாலுக்கும் நீலக் கண். பழுப்பு நிறத்தில் இருந்தது கரடி மட்டும்தான். ஆசிரியையிடம் மெதுவாகச் சொன்னேன். சின்னப் பெண், சீனர், நல்ல மாதிரி. அவரும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “தினமும் நான்தான் எடுத்து அடுக்குகிறேன் ஆன்ட்டி, கண்ணில் படவே இல்லை” என்று கூச்சத்தோடு சிரித்தார். பொம்மைகள் செட்டாக வந்தவையாம்.

சரி, நாமே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு வாரமாகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். பேரங்காடியில் ஒரு முழு அலமாரி நிறைய பொம்மைகள், கண்ணைப் பறிக்கிற அளவுக்கு ஒரே மஞ்சள் முடி. கடைசித் தட்டில் மாநிறமாக ஒன்று கிடந்தது, அதற்கும் பழுப்பு முடி, பச்சைக் கண். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நம் ஆள் கடை ஒன்றில் கேட்டபோது கடைக்காரத் தம்பி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “அம்மா, கறுப்புப் பொம்மை வாங்கிப் போட்டா தூசிதான் படியும். நம்ம ஆளுங்களே கையில எடுத்துப் பார்த்துட்டு வெள்ளையா இருக்கிறதைத்தான் கேட்பாங்க.”

அவர் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் மஞ்சள் முடிக்காரிதான். அப்போது அது பெரிய பெருமை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கூட சீக்கிரம் கையில் கொடுக்க மாட்டோம். கறுப்பே அழகு காந்தலே ருசி என்று வாய் சொல்லும், கை போய் வெள்ளைப் பொம்மையை எடுக்கும், பிள்ளை பிறந்ததும் யார் நிறம் என்றுதான் முதலில் விசாரிப்போம். இதில் சீனரைக் குறை சொல்லியோ கடைக்காரரைக் குறை சொல்லியோ மட்டும் நாம் தப்பிக்க முடியாது.

ஆனால் வியாபாரம் ஆகாது என்கிற பேச்சை அப்படியே ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிக்கும் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர்கள் 74 விழுக்காட்டுக்குச் சற்று மேல், மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. இந்த மூன்று இனத்திலும் மஞ்சள் முடியோடு பிறக்கிற பிள்ளை எத்தனை? சீனப் பிள்ளையும் தன்னைப்போல் இல்லாத பொம்மைக்குத்தான் தலை வாரிக்கொண்டிருக்கிறது. கறுப்பு முடி, கறுப்புக் கண் உள்ள பொம்மைக்கு இந்த ஊரில் கிராக்கி இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அலமாரியில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்.

இதைச் சொன்னால் என் மருமகன், “அத்தை, இப்பதான் எல்லா நிறத்திலயும் வருதே” என்று கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார். வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2016ல் பார்பியிலேயே 7 தோல் நிறம், 4 உடல்வாகு என்று கொண்டு வந்தார்கள். 2024 தீபாவளியை ஒட்டி அனிதா டோங்ரே என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து தீபாவளி பார்பி ஒன்றும் விட்டார்கள். லெஹங்கா கட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது சேகரித்து வைப்பவர்களுக்கான பொம்மை, பெட்டியைப் பிரிக்கவே மனசு வராது. என் பேத்திக்கு வேண்டியது குளிப்பாட்டவும், எண்ணெய் வைத்துப் பின்னல் போடவும், சோறு ஊட்டுகிறேன் என்று முகமெல்லாம் தயிரைப் பூசவும் ஒரு பாப்பா. (பாவாடை சட்டையை நானே தைத்துக்கொள்வேன், அதற்குக் கடைக்காரர் கவலைப்பட வேண்டாம்.)

மருமகன் காட்டியதிலிருந்து நானும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். பார்பி வந்தது 1959ல். 1967ல் ஃபிரான்சி என்கிற பொம்மையைக் கறுப்பாக விட்டார்கள், ஆனால் வெள்ளை ஃபிரான்சியின் முகம் வார்த்த அதே அச்சுதான், சாயம் மட்டும் வேறு. முறுக்கு அச்சில் எந்த மாவைப் போட்டாலும் முறுக்குதானே வரும்! அடுத்த வருடம், 1968ல், கிறிஸ்டி என்ற கறுப்புப் பொம்மை வந்தது. அவள் பார்பியின் தோழி, பார்பி இல்லை. ஒரு கறுப்புப் பொம்மைக்குப் பார்பி என்றே பெயர் வைத்தது 1980ல்தான், கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண் வடிவமைத்தது. தோழியிலிருந்து நாயகியாக 12 வருடம் ஆகியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ‘ஆன்ட்டி’ ஞாபகம்தான் வந்தது.

அதே 1968ல் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் தாங்களே ஷிண்டானா என்று ஒரு பொம்மைக் கம்பெனி ஆரம்பித்து, தங்கள் பிள்ளைகளின் மூக்கு, உதடு, சுருட்டை முடி எல்லாம் சரியாக அமைந்த ‘பேபி நான்சி’ என்ற பாப்பாவைச் செய்து விற்றிருக்கிறார்கள். யாரோ செய்து தருவார்கள் என்று காத்திருக்கவில்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் ஆய்வை. 1940களில் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறம் மட்டும் மாறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை, எது உன்னை மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்லது என்று எடுத்தது வெள்ளையை. உன்னை மாதிரி எது என்றதும் சில பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் குறிப்பிட்டது. அதற்காக என் பேத்திக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டவில்லை. அவள் வாயாடி, வகுப்பையே விலைக்கு வாங்கிவிடுவாள். ஆனாலும் அந்தக் கணக்கை அவள் எங்கிருந்தோ படித்திருக்கிறாள், நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் கொலுவுக்கு வைக்கிற மரப்பாச்சி ஜோடி இருக்கிறது, என் அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்தது. கருஞ்சிவப்பு மரம், காலம் ஆக ஆக இன்னும் கறுத்து எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். நம் முன்னோர் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்த பொம்மை நம் நிறத்தில்தான் இருந்தது, நாம்தான் அதைப் படியில் ஏற்றிப் பட்டுத்துணி சுற்றிப் பத்து நாளுக்குக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டோம். தொட்டால் உடையாத ஒரே கொலு பொம்மை அதுதான், அதையும் தொடாதே என்று பேத்தியை நானே அதட்டியிருக்கிறேன். போன வாரம் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “பாட்டி, இது உன் கை மாதிரி இருக்கு” என்று என் முழங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இப்போது அது அவள் தலையணைக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறது. மரம் என்பதால் கட்டிப்பிடிக்க வசதியில்லை என்று புகார் மட்டும் தினமும் உண்டு.

வருடா வருடம் ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடையும் மலாய்க்காரர்களின் பாஜு கூரோங்கும் சீனர்களின் சியோங்சாமும் மாட்டிப் படம் எடுத்து அனுப்புகிறோம், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 22ஆம் தேதி காலையில் அதே பிள்ளைகள் போய் உட்கார்வது அந்த நாலு ரோஸ் பாப்பாக்களுக்கு முன்னால். பாலர் பள்ளி நடத்துபவர்கள் அடுத்த முறை பொம்மை வாங்கும்போது ஒன்று நம் நிறம், ஒன்று மலாய்ப் பிள்ளை மாதிரி, ஒன்று சீனப் பிள்ளை மாதிரி என்று கேட்டு வாங்கட்டும். ரோஸ் பாப்பாவும் ஒன்று இருக்கட்டும், அது என்ன பாவம் பண்ணியது? கறுத்த பாப்பாவைத் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே தொட்டிலில் போட்டு வைத்தால் போதும், யாருக்கு யார் மம்மி என்று அதுகளே பேசி முடித்துக்கொள்ளும்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கறுத்த மேனி, கறுப்பு முடி, நம் பிள்ளையின் மூக்கு முழியோடு, தண்ணீரில் போட்டாலும் சாயம் போகாத பாப்பா பொம்மை எந்தக் கடையிலாவது இருந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதித் தெரிவியுங்கள். முப்பது நாற்பது வெள்ளி ஆனாலும் பரவாயில்லை, வந்து மூன்றாக வாங்கிக்கொள்கிறேன். ஒன்று என் பேத்திக்கு, ஒன்று அந்தப் பள்ளித் தொட்டிலுக்கு, ஒன்று எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பிள்ளைக்கு. மரப்பாச்சியைப் பார்த்ததிலிருந்து தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அது வாசலில் வந்து நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
ஈசூன்