பூட்டிக் கிடக்கும் மண்டபங்களைக் குறித்து ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் பள்ளிக் கலையரங்குகள், சமுதாயக் கூடங்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே ஷட்டில் ஆட எழுந்துவிடுகிறார்கள். கடற்காற்று எழுந்துவிட்டால், ஐந்து கிராம் அளவே எடையுள்ள இறகுப்பந்து அடித்த திசையில் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். கோலமாவால் கோடு போட்டு, இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கிழிந்த மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். சர்வீஸ் போடுவதற்கு முன் ஒரு சிறுமி ஒரு சிட்டிகை மணலை விரலிடையில் உதிர்த்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டாள். ஏழு மணிக்கெல்லாம் ஆட்டம் முடிந்துவிட்டது. கொண்டல் காற்று பந்தைக் கூரைமேல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அரங்கம் பூட்டியே இருந்தது.

தஞ்சைப் பக்கம் தோன்றியதாகச் சொல்லப்படும் நம் பூப்பந்தாட்டத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கம்பளி நூலால் ஆன அந்தப் பந்து 27 முதல் 30 கிராம் எடை உள்ளதால் திறந்தவெளிக் காற்றைத் தாங்கும். இறகுப்பந்துக்கோ நான்கு சுவரும் கூரையும் வேண்டும். அதற்கென்று தனி அரங்கம் கட்ட நிதி இல்லை என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் பதில். அந்தப் பதிலை முன்வைத்துத்தான், உலகின் மிகப் பழைய இறகுப்பந்துப் போட்டியான ஆல் இங்கிலாந்துப் போட்டியின் வரலாற்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அப்போட்டி முதன்முதலாக 1899 ஏப்ரல் 4 அன்று லண்டனில் படைவீரர்கள் அணிவகுப்புப் பயிலும் ஒரு கூடத்தில், ஒரே நாளில் நடந்து முடிந்தது. அன்று இரட்டையர் ஆட்டங்கள் மட்டுமே நடந்தன. ஒற்றையர் பிரிவு மறு ஆண்டுதான் சேர்ந்தது. அக்காலத்து ஆடுகளம் நடுவில் ஒடுங்கி உடுக்கை வடிவில் இருந்தது. அறையின் இரு பக்கக் கதவுகளும் உள்நோக்கித் திறந்ததால் வலைப்பகுதியைக் குறுக்கினார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வதுண்டு. 1901இல்தான் அது நீள்சதுரமானது. இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஆட்டத்தையே வளைத்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள் என்பதை எண்ணி நான் வியக்கிறேன். 1910 முதல் 1939 வரை, முதல் உலகப்போர் நிறுத்திய ஆண்டுகள் நீங்கலாக, மலர்க்காட்சிகள் நடத்தும் தோட்டக்கலைக் கூடத்தில் போட்டி நடந்தது. பிறகு இரண்டாம் உலகப்போர் அதை 1946 வரை நிறுத்திவைத்தது. 1957 முதல் 1993 வரை அது நடந்த வெம்பிளி அரங்கமோ நீச்சல் போட்டிகளுக்காக 1934இல் எழுப்பப்பட்டது. 1994 முதல் பர்மிங்காமில் நடந்துவருகிறது. 1977இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கும்வரை, இப்படி இரவல் கூரைகளின் கீழ் நடந்த போட்டியையே உலகப் பட்டத்துக்கு நிகராக மதித்தார்கள்.

அந்த வெம்பிளியில் 1980 மார்ச்சில் நம் நாட்டின் பிரகாஷ் படுகோன், முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த இந்தோனேசியாவின் லிம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று வீழ்த்தினார். 1947இல் இறுதியாட்டம் வரை சென்று தோற்ற இன்னொரு இந்தியரான பிரகாஷ் நாத்துக்குக் கைகூடாத பட்டம் அது. 2001இல் கோபிசந்த் அதை மீண்டும் நம் நாட்டுக்கு வென்று தந்தார். ஆனால் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது படுகோன் பழகிய இடத்தைப் பற்றி. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் கூடத்தில்தான் அவர் சிறுவயதில் ஆடினார். அது ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்களில் பயிற்சி கிடையாது. பந்தியும் பாத்திரமும் வெளியேறிய பிறகே மட்டையைக் கையில் எடுக்க முடியும்.

நம்மூர் மண்டபங்களின் கூரை சர்வதேசப் போட்டிகளுக்குரிய 12 மீட்டர் உயரம் இராது என்பதை அறிவேன். பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உள்ள களத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வண்ணக்கோடு போட்டு, இரண்டு கம்பங்களை நிறுத்தினால் போதும். மின்விசிறிகளை அணைத்துவிட வேண்டும். அந்தக் காற்றும் பந்தை இழுக்கும். வழவழப்பான கிரானைட் தரை மட்டும் முழங்காலுக்கு ஆபத்து என்பதால், அங்கே விரிப்பு போடாமல் ஆடவிட வேண்டாம்.

ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் நடப்பதில்லை. அந்த இரண்டு மாதங்களும் மண்டபங்கள் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. வரும் ஆடி முதல் நாளிலிருந்து மாலை ஐந்தரை முதல் எட்டு மணிவரை உங்கள் கூடத்தைத் திறந்துவிட்டு, அதன் சாவியை அருகிலுள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேவனாம்பட்டினத்தில் கோடு போடவும் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டவும் பெற்றோர்களாகிய நாங்கள் முறைவைத்து வரத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தேவனாம்பட்டினத்துப் பெற்றோர்களில் ஒருவர்