டேம்பரில் தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஃப்-ரோடு வண்டிகளுக்கான ஸ்டீயரிங், ஆக்சில் மேம்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் அதில் சொல்லியிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கனமான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்), அடுத்து டிராப் பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வழக்கத்தைவிடத் தாழ்ந்து இறங்கும் கை), கடைசியில் குரோமோலி ஷாஃப்ட் (குரோமியம்-மாலிப்டினம் எஃகில் செய்த ஆக்சில் தண்டு) என்று வாங்கிக்கொண்டே போனால் பணம் கரையும், வண்டி நேராக ஓடாது.

டேம்பரையே எடுத்துக்கொள்வோம். பெரிய டயர் போட்ட வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன் ஆக்சில் மொத்தமும் இடவலமாக உதறும். 'டெத் வாபிள்' என்பது இதைத்தான். புது டேம்பர் இதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், நோய் உள்ளேயே இருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடை. சக்கரங்கள் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்று ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து, ராடின் முனையும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கட்டும். மயிரிழை அசைவு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து பளபளக்கும் வளையம், அதன் ஓரத்தில் செம்பழுப்புத் துருப்பொடி இரண்டும் இருந்தால் துளை ஏற்கெனவே நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. துளைமேல் தடித்த வாஷரை வெல்டு செய்து, போல்ட் அளவுக்குச் சரியாகத் துளையிட வேண்டும். பிறகு பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் முனை), வீல் பேரிங், டயர் பேலன்ஸ், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) என்று பாருங்கள். சுசுகி ஜிம்னி போல, சக்கரம் திரும்பும் அச்சாகப் பால் ஜாயிண்ட்டுக்குப் பதில் கிங்பின் உள்ள வண்டிகளில் அந்த பேரிங்கின் முன்னழுத்தம் தளர்ந்தாலும் இதே உதறல் வரும். இவ்வளவும் சரியான பிறகு டேம்பர் மாற்றலாம். பெரும்பாலும் அப்போது அது தேவைப்படாது.

டிராப் பிட்மேன் ஆர்ம் விஷயத்தில் கட்டுரை பாதியைத்தான் சொல்கிறது. இரு சக்கரங்களையும் ஒரே ஆக்சில் தாங்கும் சாலிட் ஆக்சில் வண்டியில் டிராக் லிங்க்கும் (பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) பான்ஹார்டு ராடும் ஒன்றுக்கொன்று இணையாகவும், முடிந்தவரை ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் நகர்ந்தால்தான் சக்கரம் தானாகத் திரும்பாது. பிட்மேன் ஆர்மை மட்டும் இறக்கினால் டிராக் லிங்க்கின் ஒரு முனை தாழ்ந்துவிடும், பான்ஹார்டு ராடு பழைய கோணத்திலேயே நிற்கும். விளைவு பம்ப் ஸ்டீயர். ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் கையை இழுக்கும். போதாததற்கு பிட்மேன் ஆர்மைத் திருப்பும், ஸ்டீயரிங் பாக்ஸின் செக்டர் ஷாஃப்ட் மீது வளைப்பு விசையும் கூடும். இறக்கினால் இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஆக்சில் பக்கத்தில் இரண்டையும் சம அளவு உயர்த்துவது. சரிபார்க்க, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் ஆக்சிலை மேலிருந்து கீழ்வரை நகர்த்தி நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் போதும்.

டை ராடு எதிர்ப்பக்க நக்கிளுக்குப் போகாமல் டிராக் லிங்க்கிலேயே வந்து சேரும் 'ஒய்' வடிவ அமைப்பும் லிஃப்ட் வைத்து உயரம் கூட்டிய வண்டிக்கு ஒத்துவராது. ஆக்சில் நகர நகர டோ (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்த்து நிற்கும் கோணம்) மாறிக்கொண்டே இருக்கும். நக்கிளிலிருந்து நக்கிளுக்கு நேராக ஒரே டை ராடு, டிராக் லிங்க் தனியாக நக்கிளில் என்று மாற்றிவிடுங்கள். டை ராடுக்கு 1.25 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட டிஓஎம் (மேண்ட்ரல் மீது இழுத்துச் சீராக்கிய) ஸ்டீல் குழாய் போதும். 7075 அலுமினியத் தண்டு பாறையில் இடித்தால் வளைந்து மீண்டும் நிமிரும் குணமுடையது, எடையும் குறைவு. மூடியில்லாத உலோக மூட்டான ஹைம் ஜாயிண்ட்டைச் சேறும் மணலும் அரித்துவிடும். தினமும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரப்பர் பூட் உள்ள டை ராடு எண்ட்தான் என் தேர்வு.

ஹைட்ராலிக் அசிஸ்ட் (ஸ்டீயரிங் பாக்ஸுக்குத் துணையாகச் சக்கரங்களைத் திருப்பும் எண்ணெய் சிலிண்டர், அதாவது ராம்) பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 37 அங்குல டயரும் முன் லாக்கரும் (இரு சக்கரங்களையும் சேர்த்தே சுழல வைக்கும் பூட்டு) உள்ள வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸ் மட்டும் தனியாகத் திணறும், பாக்ஸ் பொருத்திய இடத்தில் சேசிஸ் விரிசல் விடும். சேசிஸுக்குப் பிரேஸ் போடாமல் ராம் மாட்டக் கூடாது. ராமின் விட்டம் பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தவறு. 8 அங்குல ஸ்ட்ரோக்கில் 1.5 அங்குல ராமுக்குச் சுமார் 230 சிசி எண்ணெய் தேவை, 2 அங்குல ராமுக்குச் சுமார் 410 சிசி. பம்ப் அதை நிரப்பும் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கையில் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது முதலில் நக்கிள் ஸ்டாப் தொட வேண்டும். ராம் முதலில் முட்டினால் பிராக்கெட் பிய்யும், பாக்ஸ் முதலில் முட்டினால் செக்டர் ஷாஃப்ட் போகும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைச் சாலையில் ஓடும் வண்டிக்கு நினைக்கவே வேண்டாம். ஹோஸ் வெடித்தால் கைக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

இனி ஆக்சில். 300 நியூட்டன் மீட்டர் இன்ஜின், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.7, ஃபைனல் (ஆக்சிலின் கிரவுன்-பினியன் பற்சக்கர விகிதம்) 4.1 என்று பெருக்கினால் சுமார் 13,300 நியூட்டன் மீட்டர் வரும். பின்சக்கரங்கள் பிடிமானமின்றி, முன்பக்கம் லாக்கர் போட்டு, ஒரு டயர் பாறை இடுக்கில் சிக்கினால் ஏறக்குறைய இந்த மொத்தமும் ஒரே ஷாஃப்டைத் தேடி வரும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியிருக்கும் நேரத்தில், ஷாஃப்டை மடங்கவிடும் யூ ஜாயிண்ட்டின் கோணமும் மோசம். ஷாஃப்ட் முனையில் அந்த ஜாயிண்ட்டைப் பிடிக்கும் காது உடைவது அப்போதுதான். குரோமோலி ஷாஃப்ட் போட்டால் உடைவது யூ ஜாயிண்ட்டுக்கு மாறும். அதையும் பலப்படுத்தினால் கிரவுன்-பினியன் பல்லுக்குப் போகும். ஷாஃப்டைக் காட்டிலேயே மாற்றிவிடலாம். கிரவுன்-பினியனுக்கு பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயான இடைவெளி), பேரிங் முன்னழுத்தம், பல் பதிவு எல்லாம் பார்க்க வேண்டும், அது காட்டில் ஆகிற காரியமில்லை. எனவே உடைந்தே தீரும் என்றால் ஷாஃப்டில் உடையும்படி வைத்துக்கொண்டு, ஸ்பேர் ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டேனா 44 என்ற ஆக்சிலின் ஷாஃப்ட் 30 ஸ்பிளைன் (முனையில் வெட்டிய பற்கள்), 1.31 அங்குல விட்டம். டேனா 60 ஷாஃப்ட் 35 ஸ்பிளைன், 1.5 அங்குலம். முறுக்கு வலிமை விட்டத்தின் முப்படியில் கூடுவதால் இந்தச் சிறு வித்தியாசமே சுமார் 50 சதவீதம் பலம். 35 அங்குல டயர் வரை முதலாவது தாங்கும். 37-க்கு மேல் போய்ப் பாறையும் ஏறுபவர் இரண்டாவதையே தேடட்டும். பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2007 முதல் 2018 வரை வந்த ஜீப் ராங்லர் ஜேகே ரூபிகானின் முன் டேனா 44-க்கு டிஃபரன்ஷியல்தான் பெரிது, குழாய் விட்டமும் பால் ஜாயிண்ட்டும் சாதா ஜேகேயின் டேனா 30-ல் உள்ளவையே. அங்கே ஷாஃப்டுக்கு முன்னால் வளைவது ஆக்சில் குழாயும், நக்கிளைத் தாங்கும் 'சி' வடிவ முனையும். குழாய்க்குள் உள் ஸ்லீவும் 'சி'க்கு கசெட்டும் (மூலையைத் தாங்கும் தகடு) போட வேண்டியது அதனால்தான். வெல்டிங்கை 25 மி.மீ. துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் ஹவுசிங் கோணிக்கொள்ளும்.

ஃபைனல் விகிதத்துக்குக் கணக்கு எளிது. 31 அங்குல டயரில் 3.73 என்றால், 35-க்கு 3.73 × 35 ÷ 31, அதாவது 4.21. கிடைப்பது 4.10 அல்லது 4.56. வின்ச், பம்பர் என்று எடை கூடிய வண்டிக்கு 4.56. அதற்கும் மேலே போனால் பினியன் சிறுத்துப் பலவீனமாகும். முன்னும் பின்னும் ஒரே விகிதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. டை ராடு நட்டில் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் 'நட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்' என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. தளர்த்தினால் கூம்பு வடிவ டேப்பர் அதன் இருக்கையில் உட்காராது, ஆடி ஆடித் துளையைத் தின்றுவிடும். குறிப்பிட்ட முறுக்குக்கு இறுக்கிய பிறகு, துளை நேராகும்வரை இன்னும் இறுக்கத்தான் வேண்டும். இந்த ஒரு வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்