அந்தப் பறவையை ஏன் பிடிக்கிறோம்

அன்புள்ள மலர்,

"அது பாட்டுக்குப் போற பறவையை எதுக்கும்மா மறிச்சுப் பிடிக்கிறீங்க?" என்று போனில் கேட்டாயே, அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் பொரி வல்லூறு பிடிக்கும் இந்த அசட்டீக் தீவில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், இன்று நல்ல மழை, வேலை இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே ஊர் என்று எதுவும் கிடையாது. ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு மணல், உப்புச் சதுப்பு, காட்டுக்குதிரைகள். பருந்துகள் பெரும்பாலும் கடலைக் கண்டால் ஒதுங்கி, நிலத்தின் மேலேயே தெற்கே போகும். பொரி வல்லூறு அப்படியில்லை. ஆர்க்டிக்கிலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் கிளம்புபவை கடல்மேல் பறந்துவந்து இந்த வெட்டவெளியில் இறங்கும். முக்கால்வாசி அந்த ஆண்டு பிறந்தவை, மார்பெல்லாம் பழுப்புக் கோடு. முதல் பயணம், அதுவும் தனியாக!

பறவை பிடிக்க உரிமம் உள்ளவர் கடற்கரையில் வண்டியை மெதுவாக ஓட்டுவார். வல்லூறு கண்ணில் பட்டதும், தோல் கவசம் மாட்டிய புறாவை விடுவார். கவசத்தின் மேலிருக்கும் நைலான் சுருக்கில் வல்லூறின் விரல் மாட்டும். ஓடிப்போய் எடுத்துத் தலைக்குத் தோல் தொப்பி போட்டால், கண் மறைந்ததும் அடங்கிவிடும். இறக்கை அளவு, எடை, கொஞ்சம் ரத்தம், காலில் எண் பொறித்த வளையம். அப்புறம் விட்டுவிடுவோம். புறா பயப்படும்தான், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இங்கே இந்த வேலை தொடங்கியது 1970இல். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டிய வல்லூறுகள் அதற்கு முன்பே அற்றுப்போயிருந்தன. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடம்பில் சேர்ந்து முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1972இல் அமெரிக்கா தடை போட்டது. ஆர்க்டிக் பறவைக்கு விஷம் எங்கே ஏறுகிறது என்பதைச் சொன்னது ரத்தம்தான், மலர். 1970களின் கடைசியில், இலையுதிர் காலத்தில் பிடித்த இளம்பறவைகளிடம் அது மிகக் குறைவு. லத்தீன் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் டெக்சாஸின் பாத்ரே தீவு வழியாகத் திரும்பியவற்றிடம் அதிகம். பிறந்த இடத்தில் இல்லை, போன இடத்தில் ஏறியிருக்கிறது! ஒரு பறவையையும் கொல்லாமல் தெரிந்துகொண்டது இது. பிந்தைய ஆண்டுகளில் அந்த அளவு இறங்கியதையும் ரத்தமே காட்டியது. 1999இல் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலிலிருந்தே இந்தப் பறவையை எடுத்துவிட்டார்கள்.

சற்று நேரம் அதைப் பயமுறுத்துகிறோம் என்பது உண்மை, கண்ணு. இந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் எதில் போய் முடிந்திருக்கும் என்று நினைத்தால், செய்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த அக்டோபர் தொடக்கத்தில் லீவு போட்டுவிட்டு வா. கொசு பிய்த்தெடுக்கும், முழுக்கைச் சட்டை கொண்டுவா. புறாவைப் பார்க்க மனசு ஒப்பவில்லையென்றால் வண்டியிலேயே இரு. வளைய எண்களைப் பிழையில்லாமல் எழுத இங்கே ஒரு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அம்மா