கோப்பு யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இனி வீட்டுக் கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை, எல்லா வேலையையும் கிளவுடிலேயே, அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் சர்வரிலேயே, முடித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் உங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் சொன்ன வசதிகள் உண்மைதான், நானும் அவற்றைத் தினமும் அனுபவிக்கிறேன். ஆனால் அவர் எடைபோட்டது சந்தா, இட அளவு, வேகம் என்ற மூன்றை மட்டும்தான். மற்றவர்களுக்காகத் தட்டச்சு செய்தே முப்பத்தொரு வருடம் பிழைத்தவள் நான். ஒரு கோப்பைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் கேள்வி, இது பத்து வருடம் கழித்தும் திறக்குமா, திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான். கட்டுரையில் விடுபட்டுப்போன அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

கிளவுடுக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-ல் ஒரு மாலை என் கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. மறுநாள் காலை கணினி எழவே இல்லை. ஒரு மாணவியின் முனைவர் பட்ட ஆய்வேடு அதற்குள் இருந்தது, மொத்தம் 240 பக்கம். முதல் நான்கு இயல்களைத் திருத்துவதற்காக அச்செடுத்துக் கொடுத்திருந்தேன், அவை தப்பின. கடைசி இரண்டு இயல்கள் டிஸ்க்கோடு போயின. கையெழுத்துப் பிரதி இருந்ததால் ஒன்பது இரவு உட்கார்ந்து மறுபடி அடித்தேன். ஆனால் அந்தப் பெண் என் பக்கத்தில் அமர்ந்து, திரையைப் பார்த்து வாயால் சொல்லச் சொல்ல நான் மாற்றிய வரிகள் எந்தத் தாளிலும் இல்லை. "இதைவிட நன்றாக வந்திருந்ததே, என்ன எழுதினோம் என்று நினைவில்லையே" என்று அவர் தவித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தி முடிந்ததும் என் இடது கை தானாகவே சேமிப்பதற்கான கண்ட்ரோல், எஸ் விசைகளுக்குப் போய்விடும்.

இன்று கிளவுடில் அடிப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம். எழுத எழுத அதுவே சேமித்துக்கொள்கிறது. போன வாரம் அழித்த பத்தியைக்கூடப் பழைய பதிப்புகளின் வரிசையில் தேடி எடுக்கலாம். அந்த ஆய்வேட்டை இப்போது அடித்திருந்தால் ஒரு வரிகூட இழந்திருக்க மாட்டோம்.

பலர் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நினைவு மலரை நாங்கள் மூன்று பேர் தொகுத்தபோது கோப்பை மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருவர் திருத்திய பிரதி ஒரு பக்கம், இன்னொருவர் திருத்திய பிரதி மறுபக்கம். இரண்டையும் சேர்த்தபோது ஒரு பிறந்த வருடத் திருத்தம் விடுபட்டு, தவறான வருடமே அச்சேறிவிட்டது. அடுத்த மலரை ஆன்லைன் ஆவணமாக வைத்தோம். மூன்று பேரும் ஒரே பக்கத்தில், மூன்று நிறக் கர்சரோடு வேலை செய்தோம். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது பக்கத்திலேயே தெரிந்தது. இந்த வேலைக்கு, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் டெஸ்க்டாப் மென்பொருளைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

பாதுகாப்பிலும் சாதாரண வீட்டுக் கணினியைவிடப் பெரிய நிறுவனத்தின் சர்வர் பல நேரம் மேல்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாமல் தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள். வீட்டில் நாம் எத்தனை பேர் அப்டேட் என்றதும் "பிறகு" என்ற பொத்தானை அழுத்துகிறோம்? சர்வர்களைப் பார்த்துக்கொள்ளவென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் மனதார ஒப்புக்கொண்ட பிறகுதான் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் மூன்று வருடத்துக்கு முன் காலமானார். ஓய்வுபெற்ற பிறகு அவர் தன் சிறுவயது நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். அறுபது பக்கத்துக்கு மேல் வந்திருக்கும். வீட்டுக் கணக்கு, பழுதுபார்ப்பு விவரம், மகளுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த சில கடிதங்கள், எல்லாம் ஓர் ஆன்லைன் சேவையில் இருந்தன. அவருடைய கணினித் திரையில் 'நினைவுகள்' என்று ஒரு கோப்பு தெரியும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். எனக்கு அது எப்போதும் அந்தக் கணினியில் இருக்கும் கோப்பாகத்தான் பட்டது.

அவர் போன சில மாதங்களில் அந்தக் கணினியை ஒரு மாணவனுக்குக் கொடுக்க முடிவு செய்தோம். கொடுப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை முழுவதும் பென் டிரைவில் நகலெடுத்தேன். 43 கோப்புகள். ஒரு நொடியில் நகலாகிவிட்டன. இத்தனை வேகமாக ஆகிறதே என்று அப்போதே நான் நின்று பார்த்திருக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டோம். அவருடைய செல்போன் எண்ணையும் சரண்டர் செய்திருந்தோம்.

அவருடைய பிறந்தநாளன்று என் கணினியில் பென் டிரைவைச் செருகி 'நினைவுகள்' மேல் தட்டினேன். பிரவுசர் திறந்து லாகின் பக்கம் வந்தது. கோப்பின் அளவைப் பார்த்தேன், ஒரு கேபி. 43-ம் அப்படித்தான். அவை ஆவணங்களே இல்லை, ஆவணம் சர்வரில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிச் சீட்டுகள். சரி, பாஸ்வேர்டு டைரியில் இருக்கிறதே என்று போட்டேன். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் புதிய கணினியிலிருந்து வருகிறீர்கள், உங்கள் செல்போனுக்கு அனுப்பிய எண்ணைத் தாருங்கள் என்றது. அந்த செல்போன் எண் எங்களிடம் இல்லை.

படிவம் நிரப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி நிரப்பினேன், அதே பதில். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி இன்னொருவர் கணக்கைத் திறக்கக் கேட்டால் மறுப்பதுதான் முறை. என் கணவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பூட்டு அவரைக் காத்தது என்பதும் எனக்குத் தெரியும். கடைசியில், அவர் எப்போதோ தன் தம்பிக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய 17 பக்கம் கிடைத்தது. மீதி அழிந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது, எங்களால் படிக்க முடியாது. 2009-ல் டிஸ்க் போனபோது இருந்த வருத்தம் வேறு, இது வேறு. அங்கே பொருள் கெட்டது. இங்கே பொருள் நன்றாக இருக்கிறது, வாசல்தான் மூடிவிட்டது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பொதுவில் நடந்தவையும் இருக்கின்றன. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2016-க்கு முன் மக்கள் ஏற்றிவைத்த பாடல்களும் படங்களும் வீடியோக்களும் சர்வர் மாற்றும் வேலையில் தொலைந்துபோனதாக 2019-ல் தெரியவந்தது. தன் பாட்டின் ஒரே பிரதியை அங்கே விட்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பப் பெற வழியில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தது. தனியாகப் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை இழந்தார்கள். இப்படி விபத்து எதுவும் நடக்காவிட்டாலும் விதிகள் நடுவில் மாறுகின்றன. கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ல் முடிந்து, புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜிபி கணக்கில் சேரத் தொடங்கின. இரண்டு வருடம் எட்டிப்பார்க்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் 2023-ல் வந்தது. வாழ்நாள் படங்களை ஓரிடத்தில் சேர்த்துவைப்பவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் டெஸ்க்டாப் மென்பொருளை நம்பலாமா என்றால், அதுவும் நம்மைக் கைவிட்டிருக்கிறது. 1999-ல் நான் அடித்துக்கொடுத்த ஒரு சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்பு செய்ய வேண்டும் என்று அதை எழுதியவர் போன வருடம் வந்தார். குறுவட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் பக்கம் வடிவமைத்தது பேஜ்மேக்கரில். 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. என்னிடம் இப்போது இருக்கும் எந்த மென்பொருளிலும் அந்தக் கோப்பு திறக்கவில்லை. நல்லவேளையாக வேர்டு கோப்பாகவும் ஒரு பிரதி வைத்திருந்தேன். அது திறந்தது. திறந்ததும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தது, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி விசைதான். பழைய தட்டச்சர்களுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே புரியும். இன்று எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவியில் போட்டதும் சில நிமிடத்தில் தமிழ் திரும்பி வந்தது. மெய்ப்புப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடப் பழைய கதைகள் அவர் கையில் மறுபடி புத்தகமாகிவிட்டன.

என் கணவரின் எழுத்தையும் இந்தக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கதைகளின் கோப்பு சிதைந்த நிலையில் கையில் இருந்தது, அதனால் ஏதாவது ஒரு வழி பிறந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நினைவுகளின் கோப்பு முழுமையாக இருந்தும் கையில் இல்லை.

எனவே கிளவுடா டெஸ்க்டாப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த வேலையை எங்கே செய்வது என்று பார்க்க வேண்டும். பலர் கை படும் வேலை, சில மாதத்தில் முடியும் வேலை, பயணத்தில் செல்போனில் பார்க்க வேண்டியது, இதெல்லாம் கிளவுடில் இருக்கட்டும். ஒருவர் தனியாக எழுதுவது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது, வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய கணக்கு, இவற்றின் மூலப்பிரதி தன் கணினியில், பொதுவான வடிவத்தில் இருக்க வேண்டும். கிளவுடில் ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது. டெஸ்க்டாப் மென்பொருள் என்றாலே செலவு என்றும் பயப்பட வேண்டாம். வேர்டு போன்ற வேலைகளைச் செய்யும் லிப்ரேஆபீஸ் இலவசம். அது சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006-லேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது, எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. மைக்ரோசாஃப்ட் ஆபீஸையும் மாதச் சந்தா இல்லாமல் ஒரே முறை வாங்கும் பதிப்பு உண்டு. சந்தா பதிப்பில் கட்டணம் நின்றால் கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. கட்டுரையில் இந்த வேறுபாட்டையாவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. கணினியும் கிளவுடும் தானாக ஒத்திசைவதைப் பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவிலும் ஒன்டிரைவ் தனிநபர் கணக்கிலும் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். முப்பத்தோராம் நாள் நினைவு வந்தால் பயனில்லை. கணினியோடு எப்போதும் இணைந்திராத ஒரு வெளி டிஸ்க்கில் நகல் வேண்டும்.

கூகுளில் 2013 முதல், கணக்கு நீண்ட நாள் செயல்படாமல் போனால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி இருக்கிறது. ஆப்பிளில் 2021 கடைசியிலிருந்து நம் காலத்துக்குப் பிறகு தரவைப் பெற மரபுத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்கலாம். இரண்டிலும் சில நிமிட வேலை. ஆனால் கணக்குக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதுதான் செய்ய முடியும். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செல்போனுக்கு வரும் எண்ணுக்குப் பதிலாகப் போட, சேவை முன்கூட்டியே தரும் மாற்றுக் குறியீட்டு எண்களை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இறந்தவரின் செல்போன் எண்ணை அவசரப்பட்டுச் சரண்டர் செய்யாதீர்கள்.

நான் இப்போது மாதம் ஒரு முறை கிளவுடில் இருக்கும் என் ஆவணங்களை ஓடிஎஃப், பிடிஎஃப் இரண்டு வடிவத்திலும் இறக்கி வெளி டிஸ்க்கில் போட்டுவிடுகிறேன். போட்டதோடு விடுவதில்லை. வீட்டு இணையத்தை அணைத்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். இணையம் இல்லாமல் திறந்தால்தான் அது என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனையை அன்று நான் செய்திருந்தால், பழைய கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன்பே 43 கோப்புகளின் நிலை தெரிந்திருக்கும். உங்கள் தொழில்நுட்பப் பகுதியில் அடுத்த முறை கிளவுட் சேவைகளை ஒப்பிட்டு எழுதும்போது, ஒவ்வொரு சேவையிலிருந்தும் நம் கோப்புகளை முழுவதுமாக வெளியே எடுப்பது எப்படி என்று படத்தோடு ஒரு பத்தி சேர்க்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
உங்கள் நெடுநாள் வாசகி