“இங்கே வேண்டாம்” என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கும் உறவுகளுக்கும்,

எங்கள் மகள் கல்லீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு வந்துசேர்ந்துவிட்டாள். தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்த தாயும் நலம். முறைப்படி நாங்கள் வீடு வீடாக வந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது வைத்தியர்களின் கட்டளை. நான் மட்டும் தனியே வந்து நின்றால் “பிள்ளை எங்கே?” என்றுதான் கேட்பீர்கள். ஆகவே இந்த மடல்.

பணம் தந்தவர்களுக்கு நன்றி சொல்வது எளிது, பெயர்ப்பட்டியல் கையில் இருக்கிறது. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுக்க உதவியவர்களுக்குச் சொல்வதுதான் கடினம். ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் எங்களுக்குச் சொன்னது “வேண்டாம்”, “பொறுங்கள்”, “எங்களால் முடியாது” என்பவைதான். அவற்றைக் கேட்டபோது எரிச்சலாக இருந்தது. இன்று பிள்ளை முற்றத்தில் தவழ்வதற்கு அந்தச் சொற்களுக்கும் பங்கு உண்டு.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது வழமை, வெயில் காட்டினால் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழமையான பார்வைக்கு வந்த அந்த அக்கா மட்டும், பிள்ளை நனைத்த துணியை எடுத்து வாருங்கள் என்றார். தோய்ப்பதற்காக வாளியில் போட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தோம். விறாந்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். மலம் வெளிறிக் களிமண் நிறத்தில் இருந்தது, சிறுநீர்க் கறை கடும் மஞ்சளாக இருந்தது. “தம்பி, வெயில் காட்டியது போதும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்” என்றார். இரண்டு வாரம் கடந்தும் மாறாத மஞ்சளும் வெளிறிய மலமும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தோம். கைக்குழந்தை உள்ள வீட்டார் இந்த வரியை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நோயின் பெயர் தெரியவந்தது. பிலியரி அட்ரீசியா, அதாவது கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளங்கள் அடைபட்டுப்போவது. பித்தம் உள்ளேயே தேங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடும். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் கசாய் சத்திரசிகிச்சை செய்தார்கள். குடலின் ஒரு பகுதியை நேரே கல்லீரலோடு பொருத்திப் பித்தத்துக்கு வழி செய்வது அது. ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் 1950களில் கண்ட முறை என்பதால் அந்தப் பெயர். (கசாயம் குடிக்கக் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உலாவியது, அது உண்மையல்ல.) பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். அப்படிச் செய்தும் பல பிள்ளைகளுக்குப் பின்னர் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும். எங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருத்தியானாள். இவ்வளவையும் ஒரு சதமும் வாங்காமல் செய்த இரண்டு அரச வைத்தியசாலைகளின் வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. தனியார் மருத்துவமனையின் கட்டண மதிப்பீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்த இலவசத்தின் பெறுமதி முழுதாக விளங்கியது.

இந்தியாவுக்குப் போவது என்று முடிவானதும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மூத்தவர்கள் வேலூர் என்றார்கள். எங்களுடைய பாட்டன் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்தவர் வாயில் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். அதற்கு நியாயமும் இருக்கிறது. வேலூர் சிஎம்சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 1900 இல் வித்திட்ட ஐடா ஸ்கடரின் பாட்டனார் யோன் ஸ்கடர், 1820 இல் நம்முடைய பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியவர். இளையவர்கள் சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களின் படங்களை அனுப்பினார்கள். நகரத்தில் ஒரு முகவர், விமான நிலையத்தில் வாகனம் வரும், தங்குமிடம் வரும், பெரிய டொக்டரே நேரில் பார்ப்பார், எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் மூவருக்குத் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும்.

ஒருவர், போதனா வைத்தியசாலையில் எங்கள் பிள்ளையைப் பார்த்துவரும் குழந்தை வைத்திய நிபுணர். எந்த மருத்துவமனை நல்லது என்று கேட்டேன். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். பதிலாகக் கிளினிக் துண்டு ஒன்றின் பின்புறத்தில் சில கேள்விகளை எழுதித் தந்தார். பத்துக் கிலோவுக்குக் குறைந்த எத்தனை குழந்தைகளுக்கு இந்தக் குழு சென்ற ஆண்டில் கல்லீரல் மாற்றியது? அவர்களில் ஓராண்டு கடந்து நலமாக இருப்பவர்கள் எத்தனை பேர்? குழந்தைகளுக்கெனத் தனியான அதிதீவிர சிகிச்சைப் பிரிவும், குழந்தைகளின் கல்லீரலுக்கென்றே ஒரு நிபுணரும் இருக்கிறார்களா? கல்லீரல் கொடுக்கும் தாய்க்கு ஏதும் சிக்கல் வந்தால் அந்தச் செலவு யாருடையது? ஊர் திரும்பிய பிறகு இரவில் காய்ச்சல் அடித்தால் யார் தொலைபேசியை எடுப்பார்கள்? இந்தியாவின் என்ஏபிஎச் தரச் சான்றிதழ் இருக்கிறது, சர்வதேச ஜேசிஐ தரச் சான்றிதழ் இருக்கிறது என்று சில மருத்துவமனைகள் பதில் எழுதின. அவை மருத்துவமனை முழுவதன் நடைமுறைக்கும் பாதுகாப்புக்கும் கொடுக்கப்படுபவை, உங்கள் பிள்ளையின் வயிற்றைத் திறக்கப்போகும் குழுவின் அனுபவத்தை அவை சொல்லாது என்று விளக்கியவரும் அவரே. அந்தக் கேள்விகளுக்குச் சில இடங்களிலிருந்து எண்ணிக்கையோடு பதில் வந்தது, சில இடங்களிலிருந்து நோயாளர் அறையின் வண்ணப்படம் வந்தது.

அடுத்தவர், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர். அவரிடம்தான் போவது என்று ஏறத்தாழ முடிவு செய்திருந்தோம். காணொளி அழைப்பில் அறிக்கைகளைப் பார்த்தார், பிள்ளையின் எடையைக் கேட்டார், 8 கிலோ என்றேன். தன்னுடைய குழு பெரியவர்களுக்கு நிறையச் செய்கிறது, இந்த எடையில் குறைவாகத்தான் செய்திருக்கிறது என்றார். இவ்வளவு சிறிய உடம்பில் கல்லீரலுக்குப் போகும் நாடி சில மில்லிமீற்றர்தான், அதைத் தைத்து இணைத்த பிறகு அதற்குள் இரத்தம் கட்டிவிட்டால் புதிய கல்லீரலே போய்விடும், அந்தத் தையலை வாராவாரம் போடுகிறவரிடம் போங்கள் என்று சொல்லி இன்னொரு குழுவின் பெயரையும் தந்தார். அழைப்புக்குக் கட்டணம்கூட எடுக்கவில்லை. இருபது இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் வரக்கூடிய ஒரு நோயாளியைத் தன் வாயாலேயே வேறிடத்துக்கு அனுப்பிய அந்த மனிதரை நாங்கள் நேரில் கண்டதே இல்லை. இந்த மடலில் யாருக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்டால் தயங்காமல் அவரைத்தான் சொல்வேன்.

மூன்றாமவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். எங்களுக்குப் பெரியப்பா முறை. முகவரை வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, “தம்பி, உங்களுக்குச் சம்பளம் தருவது நாங்களா, மருத்துவமனையா?” என்று கேட்டார். முகவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். பிறகு பெரியப்பா மருத்துவமனைகளின் மதிப்பீடுகளை எடுத்து, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தந்த பட்டியலைப் பார்ப்பதுபோல் வரி வரியாகப் பார்த்தார். ‘பேக்கேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஓரிடத்தில் அடங்குவது இன்னோரிடத்தில் அடங்குவதில்லை. தாயின் பரிசோதனைகள், இரத்தக் கூறுகள், குறித்த நாட்களுக்கு மேல் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பது, தேவைப்பட்டால் மறுபடி திறப்பது, வீடு திரும்பிய பின் வரும் மருந்து, எல்லாவற்றையும் தனித்தனியே எழுதிக் கேட்கச் சொன்னார். கேட்டு எழுதியபோது, மிக மலிவாகத் தெரிந்த மதிப்பீடு மலிவாக இருக்கவில்லை.

மனைவியின் தந்தை மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. மகளையும் வெட்டி, பேத்தியையும் வெட்டி, இரண்டு உயிரை ஒரே நாளில் பணயம் வைப்பதா என்பது அவருடைய கேள்வி. அவரைச் சமாதானப்படுத்தியவர் வைத்தியசாலை விடுதித் தாதி ஒருவர். அவர் சொன்ன கதை இது. இந்தியாவில் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றியது 1998 நவம்பரில், டெல்லியில். காஞ்சிபுரத்துக் குழந்தை, வயது 20 மாதம், இதே நோய், கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தவர் தகப்பன். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று வைத்தியர். கொடுப்பவரின் கல்லீரலில் இடப்பக்கத்துச் சிறு பகுதியைத்தான் எடுப்பார்கள், மீதி சில மாதங்களில் வளர்ந்து ஈடுசெய்துவிடும் என்பதையும் அவரே பொறுமையாகச் சொன்னார். மாமா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்.

இனிக் கடதாசிகள். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர், கடதாசிகளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் தடுமாறிப்போனேன். இந்தியாவின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, வெளிநாட்டவர் என்றால் தாய் பிள்ளைக்குக் கொடுப்பதைக்கூட அனுமதிக் குழு பார்த்துத்தான் ஒப்புதல் தரும். தாயும் பிள்ளையும் உண்மையில் தாயும் பிள்ளையும்தான் என்று நம்முடைய இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க இது தேவைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எங்கள் சிக்கல் வேறு. போரால் யாழ்ப்பாணத்தவர் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின், சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தபோது பிறந்தவள் என் மனைவி. பிறப்பைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பதிந்தார்கள். பதிவில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னோர் எழுத்தில் அதே பெயர், தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்றும், காலங்கடந்து பதியப்பட்டதன் காரணம் இன்னதென்றும் எங்கள் கிராம அலுவலர் ஒரு கடிதம் எழுதினார். இடம்பெயர்ந்த நாள் முதல் மீளக் குடியேறியது வரை எல்லாம் அதில் இருந்தது. சென்னையில் அனுமதிக் குழுவினர் அதிகம் கேள்வி கேட்டது அந்தப் பிறப்புப் பதிவைப் பற்றித்தான், பதில் முழுவதும் அந்தக் கடிதத்தில் இருந்தது. கிராம அலுவலருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்து வேலை முடித்துத் தந்த சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கும், மாவட்டச் செயலக வளாகத்திலுள்ள கொன்சியூலர் அலுவலக ஊழியர்களுக்கும், இந்தியத் துணைத் தூதரகத்தினருக்கும் நன்றி. சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்னவருக்கு மட்டும் நன்றி இல்லை. உறுப்பு மாற்றுக்கு மருத்துவ விசா கட்டாயம்.

பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம். வயிற்றில் நீர் கோத்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவு முழுவதும் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்கவே விரும்பவில்லை. சென்னையில் வாடகை வீடு பிடித்துத் தந்ததும், எனக்குச் சோறு கட்டி அனுப்பியதும், மனைவி எழுந்து நடக்கத் தொடங்கியபோது தோள் கொடுத்ததும் வளசரவாக்கத்தில் இருக்கும் நம்மூர் மாமி ஒருவர். பெயரைப் போட்டால் இனி எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று எச்சரித்திருக்கிறார்.

மருத்துவமனையின் பெயரைக் கேட்டு நிறையப் பேர் அழைக்கிறீர்கள். அந்தக் குழுவினருக்கு நேரிலும் எழுத்திலும் நன்றி சொல்லிவிட்டோம். இங்கே பெயர் எழுதாததற்குக் காரணம் உண்டு. அது 8 கிலோ எடையில் இந்த நோயோடு இருந்த ஒரு பிள்ளைக்குப் பொருந்திய இடம். உங்கள் அப்பாவின் இருதயத்துக்கும் அக்காவின் முள்ளந்தண்டுக்கும் அது பொருந்துமா என்பது எனக்குத் தெரியாது. பெயரைவிட அந்தக் கேள்விகள் உங்களுக்குப் பயன்படும்.

பணம் அனுப்பிய ரொறன்ரோ, சுவிஸ், லண்டன் உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும், ஆளுக்கு ஒரு நாள் உழைப்பைத் தந்த சந்தி ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், சீட்டுக்காசை முன்கூட்டியே எடுக்க விட்ட சீட்டுக்காரருக்கும், பெட்டிக்குள் ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டு மறுநாள் வந்து இன்னும் ஐந்நூறு போட்ட மீன்காரப் பெரியம்மாவுக்கும் நன்றி.

இன்னொரு கூட்டத்தாருக்கும் சொல்ல வேண்டும். நாங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து பிள்ளையைப் பார்க்க ஆசை இருந்தும் படலைக்கு வெளியே நின்றே நலம் கேட்டுப் போனவர்கள் அவர்கள். புதிய கல்லீரலை உடம்பு எதிர்க்காமலிருக்க டக்ரோலிமஸ் என்ற மருந்தைக் காலையும் மாலையும் தவறாமல் கொடுக்கிறோம், அது வாழ்நாள் மருந்து. அது நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால் ஒருவருடைய சாதாரணத் தடிமனும் அவளுக்குப் பெரிதாகலாம். பழம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பம்பளிமாசு வேண்டாம். அது இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கதலி வாழைப்பழம் கொண்டுவாருங்கள், பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் நான் சாப்பிடுவேன்.

வரவு செலவுக் கணக்கைப் பெரியப்பா சரிபார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார். சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மிகுதியாக இருக்கும் பணம் அடுத்து வரும் பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் போகும். அதில் உடன்பாடு இல்லாதவர்கள் சொன்னால் அவரவர் பங்கைத் திருப்பித் தருவோம். கேள்விகள் எழுதிய துண்டு, மதிப்பீடுகளை ஒப்பிட்ட தாள், கிராம அலுவலரின் கடிதம், அனுமதிக் குழுவுக்குக் கொடுத்த ஆவணங்களின் பட்டியல் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து ஒரு கோவையாக்கி நிலையத்தின் அலுமாரியில் வைத்திருக்கிறேன். தேவைப்படுபவர்கள் நூலகரிடம் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். மூலப் பிரதிகளை மட்டும் கேட்க வேண்டாம், விசா புதுப்பிக்க எங்களுக்கு அவை மறுபடியும் வேண்டும்.

நன்றியுடன்,
பிள்ளையின் அப்பா
இணுவில்