இடக்கண்ணும் வலக்கண்ணும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். 1770களின் ஐரோப்பியப் பாணியில் நீ தைத்திருக்கும் கச்சின் (உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையின்) வரித்தையல் என் கையைவிடச் சுத்தமாக இருக்கிறது. முதுகில் நாடாவை இழுத்துக் கட்டியதும் இடப்பக்க ஓரம் மேலேறிவிடுகிறது, துணியைத் தவறாக வெட்டிவிட்டேனோ என்று கேட்டிருந்தாய். வெட்டில் பிழையில்லை. நாடாக் கண்களை, அதாவது நாடா கோக்கும் துளைகளை, இருபுறமும் நேருக்கு நேராக வைத்திருக்கிறாய், பிழை அங்கேதான்.

ஷூவுக்குக் கட்டுவதுபோல இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிக் கோப்பதாக இருந்தால் நேர் கண்கள் பொருந்தும். ஆனால் அக்காலத்து ஐரோப்பியக் கச்சுகளைப் பெரும்பாலும் ஒற்றை நாடாவின் ஒரே முனையால், மூட்டைக்குச் சாக்கு தைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித்தான் கோத்தார்கள். நேர் கண்களில் அப்படிக் கோத்தால் ஓர் இழை கிடையாகவும் அடுத்தது சாய்வாகவும் விழும். இழுக்கும்போது அந்தச் சாய்ந்த இழை குறுகப் பார்த்து, எல்லா இழைகளும் ஒரே சாய்வுக்கு வரும்வரை ஒரு பக்கத்தை மேலே தூக்கிவிடும். உன் கண்களுக்கு இடையே 2.5 செ.மீ. இருப்பதால் ஓரம் அதில் பாதி, அதாவது 1.25 செ.மீ. ஏறியிருக்கும், அளந்து பார்.

அந்தப் பாதியை முன்கூட்டியே நீ கொடுத்துவிட வேண்டும். உன் முதுகோரம் 32.5 செ.மீ.; மேலும் கீழும் 1.25 செ.மீ. விட்டால் நடுவில் 30 செ.மீ. கிடைக்கும். வலப்பக்கத்தில் மேலிருந்து 2.5 செ.மீ.க்கு ஒன்றாக 13 கண்கள். இடப்பக்கத்தில் முதல் கண் வலப்பக்கத்து முதல் கண்ணுக்கு நேராக. இரண்டாவது கண் 1.25 செ.மீ. தள்ளி, அதன்பின் 2.5 செ.மீ.க்கு ஒன்றாக வந்து, கடைசிக் கண் மீண்டும் 1.25 செ.மீ.யில் வலப்பக்கத்துக் கடைசிக் கண்ணுக்கு நேராக முடியும், மொத்தம் 14. மேல் ஜோடியும் கீழ் ஜோடியும் நேராக நின்றால்தான் ஓரங்கள் முனையில் சமமாக நிற்கும்.

இன்னொன்றும் படத்தில் கண்ணில் பட்டது: துளைகளைச் சுற்றிப் பிசிறு நிற்கிறது. கத்தரியால் வெட்டினாயா? குத்தூசியை இரு பக்கமிருந்தும் மெல்லத் திருகி இறக்கினால் இழைகள் அறுபடாமல் ஒதுங்கி நிற்கும். இழுவையைத் தாங்குவது அந்த அறுபடாத இழைகள்தாம். பின்பு மெழுகிட்ட லினன் நூலால், துளைக்குள் இறங்கி 3 மி.மீ. தள்ளி மேலே வந்து, ஒவ்வொரு தையலையும் வெளிநோக்கி இழுத்தபடி சுற்று; நாலைந்து தையலுக்கு ஒருமுறை குத்தூசியை மறுபடி விட்டுத் துளையைத் திறந்துகொள். பொத்தான் துளைக்குப் போடும் முடிச்சுத் தையலான காஜா வேண்டாம். மதுரையில் உன் தாத்தா கடையில் காஜா எடுத்தே பழகிய கை எனக்கு. உடைப் பட்டறையில் சேர்ந்த புதிதில் நாற்பது கண்களுக்கும் காஜா போட்டு, எல்லாவற்றையும் பிரித்தேன். அந்த முடிச்சு வரம்பில் நாடா உரசிக்கொண்டே இருக்கும். அக்காலத்துக் கண்களில் பெரும்பாலும் காண்பது வெறும் சுற்றுத்தையல்தான். இயந்திரத்தால் அடிக்கும் உலோக ஐலெட் (துளை வளையம்) 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவசரத்துக்குக்கூட இந்தக் கச்சில் அதை அடித்துவிடாதே.

வலப்பக்கத்தைத் தொட வேண்டாம். குத்தூசியால் எடுத்த கண்களாக இருந்தால், இடப்பக்கத் தையலைப் பிரித்து, துணியை நனைத்து, ஊசி முனையால் இழைகளைத் தள்ளினால் துளை மூடிக்கொள்ளும். வெட்டிய துளைகளாக இருந்தால் இடப்பக்க முதுகுத் துண்டையே மாற்ற வேண்டியதுதான். அந்த லினன் துணியில் மிச்சம் இருக்கிறதா என்று எழுது. இல்லையென்றால் என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா