நானோ களிமண் ரப்பர்: கட்டுரையில் விடுபட்ட பாதி

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நானோ களிமண் ரப்பர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ரப்பரை வலுவாக்க வழக்கமாகச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கைக் குறைத்துவிட்டு, மிக நுண்ணிய தகடுகளாகப் பிரியும் களிமண்ணைக் கொஞ்சம் கொண்டே அதை வலுவாக்கலாம் என்று அதில் சொல்லியிருப்பது சரிதான். 2003இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ரப்பர்காரர்கள் பலருக்குத் தெரிந்ததே: எடைக் கணக்கில் 100 பங்கு இயற்கை ரப்பரில், கரிம உப்பால் பக்குவப்படுத்திய 10 பங்கு களிமண், 40 பங்கு கார்பன் பிளாக்குக்கு ஈடான வலுவைக் கொடுத்தது. ஆனால் அதே ஆய்வில் பக்குவப்படுத்தாத களிமண் பெரிதாக எந்தப் பலனும் தராமல் வெறும் நிரப்பியாகவே இருந்தது. கட்டுரையாளர் விட்டது இந்தப் பாதியைத்தான்.

இதற்குப் பயன்படும் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணின் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான். சிக்கல் என்னவென்றால், இந்தத் தகடுகள் நமுத்துப்போன அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தண்ணீரோடு ஒத்துப்போகும், ரப்பரோடு ஒத்துப்போகாது. ரப்பரைப் பிசையும் மில்லில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கட்டு கட்டாகவே கிடக்கும். நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட அமைன் அல்லது அமோனியம் உப்பு உள்ளே போய், தகடுகளுக்கு இடையில் இருக்கும் சோடியம் அயனியின் இடத்தைப் பிடித்தால்தான் தகடுகள் விலகி, ரப்பர் இடையில் நுழைய வழி கிடைக்கிறது. இந்த வேலையைச் செய்வதுதான் டிஸ்பெர்சன்ட்.

அது களிமண்ணைப் பிரித்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. இப்படிப் பக்குவப்படுத்திக் கடையில் விற்கும் ஆர்கானோ களிமண்ணின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கரிமப் பொருள்தான். 10 பங்கு களிமண் போட்டால் அதில் சுமார் 3 பங்கு அமோனியம் உப்பாகவே காம்பவுண்டுக்குள், அதாவது ரப்பர் கலவைக்குள், போகிறது. ரப்பர் இறுகுவதை வேகப்படுத்த நாம் வழக்கமாகப் போடும் ஆக்சிலரேட்டரே 1 பங்கு அளவில்தான்! அமைன் வகைப் பொருள்கள் கந்தகக் கியூரை, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை இறுக்குவதை, வேகப்படுத்தும். இறுகத் தொடங்கும் வரை கிடைக்கும் ஸ்கார்ச் நேரம் குறையும், மோல்டில் முழுதாக ஓடி நிரம்பும் முன்பே ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ரெசிபியில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் களிமண்ணை மட்டும் சேர்த்துவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவு கூடினால் இன்னொரு தொல்லை. உபரி டிஸ்பெர்சன்ட் ரப்பரை மென்மையாக்கும், சில சமயம் மேற்பரப்பில் பூத்தும் வரும். இன்னும் வேடிக்கை, கியூர் நடக்கும்போதே அமைன் கலவையில் உள்ள துத்தநாகத்தோடும் கந்தகத்தோடும் சேர்ந்து தகடுகளின் நடுவிலிருந்து வெளியேறிவிடுவதுண்டு. அப்போது பிரிந்த தகடுகள் சில இடங்களில் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன.

அதனால் “களிமண் சேர்த்தோம், வலு கூடியது” என்று மட்டும் சொல்லும் எந்த முடிவையும் நான் அப்படியே ஏற்பதில்லை. களிமண் இல்லாமல், அதே அளவு டிஸ்பெர்சன்ட் மட்டும் சேர்த்த ஒரு மாதிரியையும் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கூடிய வலுவில் களிமண்ணின் பங்கு எவ்வளவு, வேகமான கியூரின் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எக்ஸ்ரே வரைபடத்தில் தகடுகளின் இடைவெளியைக் காட்டும் உச்சி மறைந்துவிட்டது, ஆகவே தகடுகள் முழுதாகப் பிரிந்துவிட்டன என்பதும் அரைகுறை வாதம்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் வேண்டும்.

எங்கள் குமரி மாவட்டத்தில் லேடெக்ஸை, அதாவது ரப்பர் பாலைக், கையாளும் சிறு தொழிற்கூடங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுரையைப் படித்துவிட்டு ஆர்கானோ களிமண்ணை அப்படியே பாலில் கொட்டிவிடாதீர்கள். அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலின் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. நேர்மின்னூட்டமுள்ள அமோனியம் உப்பு பட்டால் பால் திரிந்துவிடும். லேடெக்ஸுக்கு, பெரும்பகுதி மான்ட்மோரிலோனைட்டான சோடியம் பென்டோனைட் களிமண்ணே போதும், அது தண்ணீரில் ஊறித் தானாகவே பிரியும். கால்சியம் வகை அவ்வளவு ஊறாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் டிஸ்பெர்சன்ட் மட்டும் சேர்த்த மாதிரியின் எண்களையும், ஸ்கார்ச் நேரத்தையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரப்பர் காம்பவுண்டர் ஒருவர்,
மார்த்தாண்டம்